பழைய மடிக்கணினிகளில் மிகைவெப்பம்

மடிக்கணினி மிகைவெப்பம் என்பது, மடிக்கணினியினுள் உண்டாகும் வெப்பம் வெளியேறும் வேகத்தை விடக் கூடுதலான வேகத்தில் உற்பத்தியாவதால், அதன் நுண்செயலியோ பிற உறுப்புகளோ தமக்கு வகுக்கப்பட்ட வெப்பநிலை எல்லையை எட்டும் நிலை ஆகும். எல்லாக் கணினிகளிலும் இது நிகழக்கூடியதே. எனினும், பல ஆண்டுகள் பயன்பட்ட பின் நுண்செயலி, நினைவகம், வட்டு, இயங்குதளம் போன்றவை மாற்றி மேம்படுத்தப்பட்ட மடிக்கணினிகளில் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. குளிர்விக்கும் அமைப்பு பழையதாகவே இருக்க, அதன் மீதான சுமை மட்டும் மாறிவிடுவதே இதற்குக் காரணம்.

இச்சிக்கலில் ஒரு முரண் உண்டு. சூடேறிய நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. பயனர் அதைக் கணினி பழையதாகிவிட்டதன் அறிகுறியாகக் கொண்டு, வேகம் கூடிய நுண்செயலி ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றார். புதிய நுண்செயலி மேலும் வெப்பத்தை உண்டாக்குவதால் பழைய குறை தீராததோடு, புதிய குறையும் சேர்ந்துகொள்கின்றது. தூசியை நீக்கிப் புதிய பசை இட்டிருந்தாலே தீர்ந்திருக்கக்கூடிய குறைக்காகப் பல இயந்திரங்கள் குப்பைக்குச் செல்கின்றன.

வெப்பம் செல்லும் வழி

நுண்செயலி பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. நிலைமாற்றிகள் திறந்து மூடுவதற்குச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகார அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமைந்தது. அதிர்வெண்ணைக் கூட்டுவதற்குப் பொதுவாக மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருப்பதால், வேகம் சிறிது கூடினாலும் வெப்பம் பெரிதும் கூடுகின்றது.

இவ்வெப்பம் வெளியேறும் பாதை ஒரு சங்கிலி போன்றது. சிலிக்கான் சில்லிலிருந்து வெப்பப் பசை வழியாகச் செப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து வெப்பக்குழாய் வழியாக மெல்லிய உலோகத் தகடுகளின் அடுக்குக்கும், இறுதியாக விசிறி தள்ளும் காற்றுக்கும் வெப்பம் கைமாறுகின்றது. செப்புத் தகடு, குழாய், தகட்டடுக்கு ஆகியவை சேர்ந்த அமைப்பு வெப்பத்தணிப்பி எனப்படும்; பழுதுபார்ப்போர் இதனை ஹீட் சிங்க் என்றே அழைப்பர்.

வெப்பக்குழாய் வெறும் செப்புக் கம்பி அன்று. உள்ளே வெற்றிடமாக்கப்பட்டு, சிறிதளவு நீரும் உட்சுவரில் திரி போன்ற நுண்துளை அமைப்பும் கொண்ட மூடிய குழாய் அது. சூடான முனையில் நீர் ஆவியாகிக் குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கு மீண்டும் நீராகித் திரி வழியே திரும்புகின்றது. இதற்கு அசையும் உறுப்பு எதுவும் தேவையில்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் சியார்ச்சு குரோவர் 1963 ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். இத்தகைய கருத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் 1940களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. குழாய் நசுங்கினாலோ கூர்மையாக வளைக்கப்பட்டாலோ உள்ளிருக்கும் சுழற்சி தடைப்படும். வெளித்தோற்றத்தில் செம்மையாக இருக்கும் தணிப்பி வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கிலியின் மிக வலுவற்ற கண்ணி பசைதான். சில்லும் செப்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்ணளவில் மேடுபள்ளமானவை. இடையில் தங்கும் காற்று வெப்பத்தை ஏறத்தாழக் கடத்துவதே இல்லை. செப்பின் வெப்பங்கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 400 வாட் அளவிலும், காற்றினது 0.026 அளவிலும் உள்ளன. பசையின் பணி காற்றை அகற்றி அவ்விடத்தை நிரப்புவது மட்டுமே. ஆண்டுகள் செல்லச்செல்லப் பசை உலர்ந்து வெடிக்கின்றது. மேலும் சில்லு சூடாகியும் ஆறியும் வருவதால் விரிந்து சுருங்கி, பசையைச் சிறிதுசிறிதாக ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றது.

மேம்படுத்தலும் வெப்பக் கணக்கும்

நுண்செயலிகளுக்கு வெப்ப வடிவமைப்புத் திறன் என்ற அளவு குறிக்கப்பட்டிருக்கும். உயர்ந்த பணிச்சுமையில் நீண்ட நேரம் இயங்கும்போது குளிர்விக்கும் அமைப்பு எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்றவேண்டும் என்பதை அது தெரிவிக்கின்றது. குறுகிய நேரத்துக்கு நுண்செயலி இவ்வளவையும் தாண்டிச் செல்லலாம்.

2012 ஆம் ஆண்டு வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி430 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் நுண்செயலி தாய்ப்பலகையில் பற்றவைக்கப்படாமல் செருகுதளத்தில் அமர்ந்திருப்பதால் மாற்றக்கூடியது. எனவே ஆர்வலர்கள் இரட்டைக் கரு ஐ5-3320எம் நுண்செயலியைக் கழற்றிவிட்டு நான்கு கருக்கள் கொண்ட ஒன்றைப் பொருத்துகின்றனர். ஐ5-3320எம் இன் வெப்ப வடிவமைப்புத் திறன் 35 வாட். நான்கு கரு ஐ7-3740கியூஎம் இற்கு அது 45 வாட். ஆனால் ஐ7-3612கியூஎம், ஐ7-3632கியூஎம் ஆகிய நான்கு கரு நுண்செயலிகள் 35 வாட்டிற்குள் அடங்குபவை. இவை அனைத்தும் ஒரே செருகுதளத்தில் அமரும். வெப்பத்தைப் பொறுத்தவரை இவை ஒன்றல்ல.

இந்த 10 வாட் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். நுண்செயலியின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து, வரும் விடையை வாட் அளவால் வகுத்தால் முழுச் சங்கிலியின் வெப்பத்தடை கிடைக்கும். 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள அறையில், 35 வாட் சுமையில் நுண்செயலி 86 பாகையில் நிலைகொள்வதாகக் கொள்வோம். வேறுபாடு 56 பாகை. ஆகவே வெப்பத்தடை வாட்டுக்கு 1.6 பாகை. அதே தணிப்பியின் கீழ் 45 வாட் நுண்செயலி இயங்கினால் வேறுபாடு 72 பாகையாகி, வெப்பநிலை 102 பாகையைத் தொடும். இவ்வகை நுண்செயலிகளின் எல்லை 105 பாகை. ஆகவே அந்த அறையில் அது தப்பிவிடுகின்றது. அறை வெப்பநிலை 36 பாகையாகிவிட்டால் கணக்கு 108 பாகையைக் காட்டும். அதாவது வேகக்குறைப்பு தவிர்க்கமுடியாதது. குளிரூட்டப்பட்ட அறையில் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரைகள் சென்னையின் மே மாதத்துக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இப்போது தூசியைச் சேர்த்துக்கொள்வோம். தகட்டடுக்கு அடைபட்டு வெப்பத்தடை வாட்டுக்கு 2.2 பாகையாக உயர்ந்திருந்தால், 36 பாகை அறையில் அவ்வமைப்பு வெளியேற்றக்கூடியது ஏறத்தாழ 31 வாட் மட்டுமே. பழைய 35 வாட் நுண்செயலியே அங்கு முழு வேகத்தில் இயங்க இயலாது. 45 வாட் நுண்செயலியைப் பொருத்தினாலும் கிடைப்பது அதே 31 வாட்தான். நான்கு கருக்கள் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கினால் அதே 31 வாட்டில் இரண்டு கருக்களை விடக் கூடுதல் பணியை முடிக்கும் என்பது உண்மை. ஆகவே நிகழ்படத்தை வடிவம் மாற்றுதல், நிரல் தொகுத்தல் போன்ற பணிகளில் சிறிது பயன் தெரியும். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கும் வேகத்தில் வேறுபாடு தெரியாது.

டி430 இல் தனி வரைகலைச் செயலி கொண்ட வகைக்கென உருவாக்கப்பட்ட வெப்பத்தணிப்பியில் கூடுதல் வெப்பக்குழாய் உண்டு. தனி வரைகலைச் செயலி இல்லாத இயந்திரத்திலும் அதனைப் பொருத்த இயல்வதால், நான்கு கரு நுண்செயலி இடுவோர் இதனையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். மேற்கண்ட கணக்கில் வெப்பத்தடை 1.6 இலிருந்து 1.3 ஆகக் குறைந்தால், 30 பாகை அறையில் 45 வாட் நுண்செயலி 89 பாகைக்குள் நின்றுவிடும். நுண்செயலிக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதியைத் தணிப்பிக்கு ஒதுக்குவது அறிவுடைமை.

இவ்வாறு நுண்செயலியை மாற்றும் வாய்ப்பு எல்லா மடிக்கணினிகளிலும் இல்லை. இன்டெல்லின் நான்காம் தலைமுறைக்குப் பின் வந்த மடிக்கணினி நுண்செயலிகள் பொதுவாகத் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டே வந்தன.

பிற மேம்படுத்தல்களின் தாக்கம் நேரடியானதன்று. வன்தட்டுக்குப் பதிலாகச் சாட்டா இணைப்புள்ள திண்மநிலை வட்டு பொருத்தினால் வட்டின் சராசரி வெப்பம் பெரும்பாலும் குறையும். ஆயினும் வட்டு மாற்றிய பின் விசிறி கூடுதலாகச் சுழல்வதாகச் சிலர் கூறுவதுண்டு. அது கற்பனை அன்று. முன்பு நுண்செயலி வன்தட்டின் விடைக்காகக் காத்துக் கிடந்தது. இப்போது தரவு உடனே வந்துவிடுவதால் அது இடைவிடாது உழைக்கின்றது. பணி விரைவில் முடிந்துவிடுவதால் இதில் கவலைப்பட ஏதுமில்லை. என்விஎம்இ வகைத் திண்மநிலை வட்டுகள் வேறு இனம். அவை முழுச் சுமையில் பல வாட் வெப்பத்தை ஒரு சிறு சில்லிலிருந்து வெளிவிடுவதால் காற்றோட்டமில்லாத மூலையில் விரைவில் சூடேறும். நினைவகத்தைக் கூட்டுவதால் சேரும் வெப்பம் சிறிதே.

பலர் கவனியாத மேம்படுத்தல் மென்பொருளில் நிகழ்கின்றது. டி430 காலத்து இன்டெல் நுண்செயலிகளில் எச்.264 நிகழ்படத்தைக் குறிநீக்குவதற்குத் தனிச் சுற்று உண்டு. விபி9, ஏவி1 ஆகியவற்றுக்கு இல்லை. விபி9 ஐ முழுமையாக வன்பொருளில் குறிநீக்கும் வசதி இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலும், ஏவி1 க்கான வசதி 2020 ஆம் ஆண்டு வெளியான பதினோராம் தலைமுறையிலும்தான் வந்தன. யூடியூப் போன்ற தளங்கள் விபி9 வடிவில் நிகழ்படத்தை அனுப்பும்போது, பழைய இயந்திரத்தில் அம்முழு வேலையும் நுண்செயலியின் பொதுக் கருக்கள் மீது விழுகின்றது. படம் பார்க்கும்போது மட்டும் சூடாகும் கணினியைத் திறந்து பசை மாற்றுவதற்கு முன், எச்.264 வடிவையே கேட்டுப்பெறும் எச்264இஃபை போன்ற உலாவி நீட்சி ஒன்றை நிறுவிப் பார்ப்பது நல்லது.

கண்டறிதல்

மிகைவெப்பத்தின் வெளிப்படையான அறிகுறிகள் விசிறியின் இடையறாத இரைச்சல், விசைப்பலகையின் சூடு, சுமை கூடும்போது கணினி தானே அணைந்துபோதல் ஆகியன. இவற்றை விட மறைவானது வேகக்குறைப்பு. இன்டெல் தன் பென்டியம் 4 இல் இதனைச் சில்லினுள்ளேயே அமைத்தது. 2001 ஆம் ஆண்டு டாம்ஸ் ஹார்டுவேர் இணையத்தளம் இயங்கிக்கொண்டிருந்த நுண்செயலிகளின் மேலிருந்து தணிப்பியை அகற்றிப் படமெடுத்தபோது, ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் புகைந்து அழிந்தது. பென்டியம் 4 மெதுவானதே தவிர அழியவில்லை. இன்றைய நுண்செயலிகள் அனைத்திலும் இத்தகைய காப்பு உண்டு. நுண்செயலி எரிந்துபோவது இதனால் அரிதாகிவிட்டது. ஆனால் குறை இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மெதுவான கணினியோடு காலந்தள்ளவும் இதுவே வழிசெய்கின்றது.

அளவிடுவதற்குக் கட்டற்ற மென்பொருள்களும் இலவச மென்பொருள்களும் உள்ளன. லினக்சில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பும் டர்போஸ்டாட் கருவியும், விண்டோசில் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளும் பரவலாகப் பயன்படுகின்றன. 2011 இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல் இன்டெல் கோர் நுண்செயலிகள் தம் மின்திறன் அளவையும் மென்பொருளுக்குத் தெரிவிக்கின்றன. எனவே மேற்கண்ட வெப்பத்தடைக் கணக்கை வீட்டிலேயே செய்யலாம். இதற்குத் தேவைப்படும் புறக்கருவி அறை வெப்பமானி ஒன்றே.

கணினியைக் கடினமான சமதளத்தில் வைத்து, அடாப்டரை இணைத்து, எந்தப் பணியும் தராமல் கால் மணிநேரம் விடவேண்டும். அப்போது வெப்பநிலை, வாட், விசிறியின் சுழற்சி வேகம், கடிகார அதிர்வெண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். பணியில்லாத நிலையிலேயே வாட் அளவு உயர்ந்திருந்தால் குறை பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும். பின்னணியில் ஓடும் தேடல் அட்டவணைப்படுத்தல், நச்சுநிரல் தடுப்பி, இற்றைப்படுத்தல் போன்றவற்றைப் பணி மேலாளரில் காணலாம்.

அடுத்து, ஸ்ட்ரெஸ்-என்ஜி அல்லது பிரைம்95 போன்ற ஒன்றால் எல்லாக் கருக்களுக்கும் முழுச் சுமை தரவேண்டும். இங்கு இறுதி வெப்பநிலையை விட, அது ஏறும் விதமே கூடுதலாகப் பேசும். சிலிக்கான் சில்லு மிகச் சிறியது. அதன் வெப்பக் கொள்ளளவும் சிறியது. பசை கெட்டிருந்தால் அல்லது தணிப்பி சரியாக அமரவில்லையெனில், சுமை தொடங்கிய ஓரிரு நொடிகளிலேயே வெப்பநிலை 90 பாகைக்கு மேல் தாவும். சுமையை நிறுத்தியவுடன் அதே வேகத்தில் கீழிறங்கும். மாறாக, முதலில் 65 அல்லது 70 பாகைக்கு உயர்ந்து, பின் ஐந்து பத்து நிமிடங்களில் மெல்லமெல்ல 95 ஐ நோக்கி ஏறினால், பசை தன் பணியைச் செய்கின்றது, தணிப்பிதான் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க இயலாமல் நிறைந்துவருகின்றது எனக் கொள்ளலாம். அடைபட்ட தகட்டடுக்கு, தளர்ந்த விசிறி, மூடப்பட்ட காற்றுத்துளை ஆகியவை இவ்வகை. இந்நிலையில் சுமையை நிறுத்திய பின்னும் வெப்பநிலை நெடுநேரம் இறங்காது.

கருக்களுக்கிடையே சில பாகை வேறுபாடு இயல்பே. ஒரு கரு மற்றதை விட 15 பாகை கூடுதலாகக் காட்டினால் தணிப்பி ஒருபக்கம் சாய்ந்து அமர்ந்திருக்கக்கூடும்.

வெளியேறும் காற்றைக் கையால் உணர்ந்து பார்ப்பதும் பயனுள்ள சோதனை. காற்று வலுவற்றதாகவும் மிகச் சூடாகவும் வந்தால் தகடுகள் அடைபட்டுள்ளன. மென்பொருள் 95 பாகை காட்டும்போது காற்று வலுவாகவும் வெதுவெதுப்பாகவும் மட்டுமே வந்தால் வெப்பம் தகடுகளை எட்டவே இல்லை. பசை, அழுத்தம், வெப்பக்குழாய் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை உண்டு.

மிகைவெப்பம் போலத் தோன்றி அதுவல்லாத ஒரு நிலையும் உண்டு. வெப்பநிலை 50 பாகையில் இருக்க, கடிகார அதிர்வெண் மட்டும் அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் வெப்பமன்று. சில மடிக்கணினிகள் அடாப்டரை அடையாளங்காண இயலாதபோதும், அதன் திறன் போதாதபோதும் நுண்செயலியை வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன. 65 வாட் அடாப்டருடன் வாங்கப்பட்ட இயந்திரத்தில் 45 வாட் நுண்செயலியைப் பொருத்தியவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதுவே. அதிர்வெண்ணைப் பாராமல் வெப்பநிலையை மட்டும் பார்த்துத் தணிப்பியைக் கழற்றுவது வீண் உழைப்பு.

மேம்படுத்தலுக்குப் பிறகு உடனே தொடங்கிய சூடு எனில், திறந்து மூடியதே காரணமாக இருக்கலாம். விசிறியின் கம்பி மீண்டும் செருகப்படாமல் விடப்படுதல், புதிய வெப்பத் திண்டின் பாதுகாப்புத் தாள் உரிக்கப்படாதிருத்தல், திருகாணி ஒன்று குறைதல் ஆகியன அனுபவமுள்ளோரிடமும் நிகழ்வன.

திருத்தம்

எப்பணிக்கும் முன் கணினியை அணைத்து, அடாப்டரையும் மின்கலத்தையும் அகற்றவேண்டும். மின்கலம் உள்ளே பொதிந்திருந்தால் அதன் இணைப்பைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றவேண்டும். முக்கியக் கோப்புகளுக்குப் படி எடுத்துவைத்த பின்னரே தொடங்குவது நல்லது.

தூசி பெரும்பாலும் வெளியிலிருந்து தெரிவதில்லை. விசிறிக்கும் தகட்டடுக்குக்கும் இடையில் அது கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். வெளித்துளை வழியாகக் காற்றை ஊதினால் சிறிது நகருமே தவிர வெளிவராது. விசிறியைப் பிரித்துப் படிவை விரலாலோ சிறு தூரிகையாலோ எடுப்பதே முறை. அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினால் விசிறியின் இதழைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுமீறிச் சுழலவிட்டால் தாங்கி தேய்ந்துவிடும். கிரீச்சிடும் விசிறிக்கு எண்ணெய் இடுவது சில மாதம் தாங்கும். புதிய விசிறி பொருத்துவதே நிலையான தீர்வு. திங்க்பேட் போன்ற சில இயந்திரங்கள் விசிறி சுழலவில்லையெனில் தொடக்கத்திலேயே ஃபேன் எரர் என்று காட்டி அணைந்துவிடும்.

பசை மாற்றும்போது, சிறிது நேரம் கணினியை இயக்கிச் சூடாக்கி அணைத்தபின் தணிப்பியைக் கழற்றினால் பழைய பசை இளகி எளிதில் விடும். திருகாணிகளுக்கு அருகில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பின் கழற்றுகையில் எதிர்வரிசையிலும், முடுக்குகையில் அவ்வரிசையிலும், ஒவ்வொன்றையும் சிறிதுசிறிதாகத் திருப்பவேண்டும். மடிக்கணினி நுண்செயலிகளில் மேசைக் கணினிகளில் உள்ளது போன்ற உலோக மூடி இல்லை. சில்லு வெறுமையாகவே உள்ளது. ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் சில்லின் மூலை உடையலாம். அந்தக் கணமே நுண்செயலி போய்விடும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த மென்துணியால் முழுதும் துடைத்துவிட்டு, புதிய பசையைச் சில்லின் முழுப்பரப்பும் மூடுமாறு மெல்லிய படலமாக இடவேண்டும். மேசைக் கணினிக்குக் கூறப்படும், நடுவில் ஒரு பொட்டு என்ற முறையில் நீள்சதுரமான வெற்றுச் சில்லின் மூலைகள் விடுபடக்கூடும்.

சில்லின் ஓரத்துக்குத் தள்ளப்படாமல் நிலைத்திருப்பதால், நிலைமாறு பொருளால் ஆன தாள்கள் அண்மை ஆண்டுகளில் ஆர்வலர்களிடையே புகழ்பெற்றுள்ளன. ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 இவற்றுள் ஒன்று. இது அறை வெப்பநிலையில் திண்மமாக இருந்து, சூடேறும்போது இளகிப் பரவுகின்றது. காலியம் கலந்த நீர்ம உலோகம் வெப்பத்தை எல்லாப் பசையையும் விட நன்கு கடத்தும். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். அலுமினியத்தை அரித்துச் சிதைக்கும். பையில் குலுங்கும் மடிக்கணினியில் அதனை இடுவது பரிந்துரைக்கத்தக்கதன்று.

வெப்பத் திண்டு பற்றித் தனியே கூறவேண்டும். வரைகலைச் செயலி, மின்னழுத்தச் சீராக்கிகள் போன்றவற்றுக்கும் தணிப்பிக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளியை நிரப்பும் மென்மையான திண்டு அது. 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் எனப் பல தடிமன்களில் கிடைக்கின்றது. தடிமன் கூடிய திண்டை இட்டால் தணிப்பி நுண்செயலியிலிருந்து தூக்கிக்கொள்ளும். எவ்வளவு உயர்ந்த பசை இட்டும் பயனில்லை. குறைந்த தடிமன் எனில் திண்டு தொடவே தொடாது. திண்டு இருந்த இடத்தில் பசையை நிரப்புவதும் தவறே. பழைய திண்டைக் கிழிக்குமுன் அதன் அழுந்தாத ஓரத்தை அளந்துகொள்ள வேண்டும்.

வெப்பக்குழாயைச் சோதிக்க, விசிறியைப் பிரித்துவிட்டுத் தணிப்பியின் ஒரு முனையைச் சுடுநீரில் தொடவைக்கலாம். சில நொடிகளில் மறுமுனை கைபொறுக்காத அளவு சூடாகவேண்டும். ஆகாவிடில் குழாய் இறந்துவிட்டது. பழுதுபார்க்க வழியில்லை, மாற்றவேண்டியதே.

வன்பொருள் செம்மையான பின்னும் 45 வாட் சுமை தணிப்பியை மீறினால், வெப்பம் உண்டாவதையே குறைக்கவேண்டும். விண்டோசின் மின்திட்ட அமைப்பில் நுண்செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக வைத்தால் டர்போ எனும் வேக உயர்த்தல் நின்றுவிடும். லினக்சில் இன்டெல் பி-ஸ்டேட் இயக்கி வழியாக இதனைச் செய்யலாம். உச்ச வேகத்தில் பத்தில் இரண்டு பங்கை இழந்தாலும், மின்னழுத்தமும் சேர்ந்து குறைவதால் வெப்பம் அதைவிடக் கூடிய விகிதத்தில் குறையும். 2013 இல் வந்த நான்காம் தலைமுறை முதல் பல இன்டெல் மடிக்கணினிகளில், அதிர்வெண்ணைக் குறைக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் மென்பொருளால் குறைக்கமுடிந்தது. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியிடப்பட்ட பின், வந்த பயாஸ் இற்றைப்படுத்தல்கள் பலவற்றில் அவ்வழி அடைக்கப்பட்டுவிட்டது. டி430 போன்ற முந்தைய இயந்திரங்களுக்கு அவ்வழி முன்பும் இருந்ததில்லை.

விசிறியுடன் கூடிய குளிர்விப்பு மேடைகள், அடிப்பக்கத்தில் காற்றுத்துளையுள்ள கணினிகளில் சில பாகை குறைக்கின்றன. மெத்தை மீது வைத்துப் பயன்படுத்தும் பழக்கத்தைக் கைவிட்டால் இதே பயன் செலவின்றிக் கிடைக்கும்.

திருத்த இயலாதவை

வெப்பத்தால் விளைந்த சில கேடுகளைக் குளிர்வித்து மீட்க இயலாது. 2008 சூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி வரைகலைச் செயலிகளும் சிப்செட்டுகளும் சில, சில்லுப் பொதியின் பொருட்குறையால் இயல்பை விடக் கூடுதலாகப் பழுதடைவதாகக் கூறி, 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. பல நிறுவனங்களின் மடிக்கணினிகள் இதில் சிக்கின. சூடாகி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் சில்லுக்கும் அதன் தளத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய ஈயக் குமிழ்கள் விரிசலுற்றதே காரணம். அக்காலத்தில் தாய்ப்பலகையை அடுப்பில் வைத்துச் சூடாக்கி உயிர்ப்பிக்கும் முறை பரவியது. அது சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ தொடர்பை மீட்டதே தவிர, விரிசலைப் போக்கவில்லை. அடுப்பில் உணவும் சமைப்பவர்களுக்கு அது தீங்கானது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்கலத்துக்கு வெப்பம் பகை. லித்தியம் அயனி மின்கலங்களை ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் மின்னேற்றம் செய்யலாகாது என்பது பொதுவான வரையறை. சூடான இயந்திரத்தில் இடைவிடாது முழு மின்னேற்றத்தில் கிடக்கும் மின்கலம் விரைவில் கொள்ளளவை இழக்கும். சில வேளை வீங்கும். தொடுதிண்டு மேலெழும்புவதும், கணினியின் அடிப்பகுதி மேசையில் சரியாக அமராமல் ஆடுவதும் வீக்கத்தின் அறிகுறிகள். வீங்கிய மின்கலத்தை அழுத்தவோ துளையிடவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு. கணினியை உடனே அணைத்து, மின்கலத்தை மாற்றி, பழையதை மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். பசையும் தூசியும் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம். வீங்கிய மின்கலம் அவ்வாறு காத்திருக்கக்கூடியதன்று.